பிறந்தபோது இல்லாத நோய்: முளையத்தின் முதல் இரத்தமும் தலசீமியாவும்

தலசீமியா (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் போதியளவு உருவாகாத நோய்) என்று பரிசோதனை முடிவு வந்ததும் தாய் தகப்பன் கேட்கிற கேள்விகளில் ஒன்று: "பிறக்கேக்க பிள்ளை நல்லாத்தானே இருந்தது?" நியாயமான கேள்விதான். பிள்ளை நல்ல நிறையோடு பிறந்திருக்கும், பால் குடித்திருக்கும், முகம் பார்த்துச் சிரித்திருக்கும். ஆறு மாதமளவில்தான் வெளிறத் தொடங்கும். பிறகு சோர்வு வரும், மண்ணீரல் பெருத்து வயிறு தள்ளும். கடுமையான வகை என்றால், இரண்டு வயதுக்குள் சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டிய நிலை வந்துவிடும். பரம்பரை நோய் என்கிறார்கள். அப்படியானால் பிறக்கும்போதே தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு குழப்பம் செய்திகளால் வந்தது. 2023 நவம்பரில் பிரித்தானியா, கஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்கா அந்த டிசம்பரில் இன்னொரு ஈமோகுளோபின் நோயான அரிவாள்கல நோய்க்கும் 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அதை அனுமதித்தது. கருப்பையில் இருந்த ஈமோகுளோபினை மீண்டும் வரவழைக்கிற சிகிச்சை இது என்று எழுதப்பட்டது. வாசிக்கிறவர் தொப்புள்கொடி இரத்தத்தை நினைக்கலாம். வேறொரு கருவிலிருந்து எடுத்த கலங்கள் என்றும் நினைக்கலாம். இரண்டும் இல்லை.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது. முள்ளந்தண்டுளி (முதுகெலும்புள்ள விலங்கு) ஒன்றின் முளையம், அதாவது வளரத் தொடங்கிய கரு, தன் முதல் இரத்தத்தையும் இரத்தக்குழாயையும் எப்படி உண்டாக்குகிறது, எந்த மரபணு எந்த நேரத்தில் அதை நடத்துகிறது என்பதுதான் அந்த இடம்.

முதலில் நான்கு சொற்கள்

1. மரபணு: பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு. ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, டி.என்.ஏ. இழையில் எழுதப்பட்டிருப்பது. கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

2. கட்டுப்பாட்டுப் புரதம்: டி.என்.ஏ.யில் போய் ஒட்டி, வேறு மரபணுக்களைத் திறக்கிற அல்லது மூடுகிற புரதம். இந்தக் கட்டுரை முழுவதும் இவற்றைப் பற்றியதுதான். இவற்றைச் செய்வதற்கும் மரபணுக்கள் உண்டு. அதனால் ஒன்று இன்னொன்றைத் திறக்க, அது மூன்றாவதைத் திறக்க என்று சங்கிலியாக வேலை நடக்கும்.

3. அகவணி: இரத்தக்குழாயின் உட்புறத்தில் ஓடு பதித்ததுபோல ஒட்டியிருக்கும் மெல்லிய கலப்படை. மிகச் சிறிய மயிர்த்துளைக் குழாய்களின் சுவரே இந்த ஒற்றைப் படைதான்.

4. இரத்த மூலக் கலம்: தன்னைப் போன்ற கலத்தையும் உண்டாக்கும், செங்குழியம், வெண்குழியம், குருதிச்சிறுதட்டு என்று எல்லா இரத்தக் கலங்களையும் உண்டாக்கும். வளர்ந்தவர் உடலில் என்பு மச்சையில் இருக்கிறது. ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அழிவதை ஈடுசெய்ய நம் மச்சை ஒரு செக்கனுக்கு 20 இலட்சம் அளவில் புதிய செங்குழியங்களைச் செய்துகொண்டே இருக்கிறது.

அடை முட்டைக்குள் தெரிவது

அடை வைத்த முட்டையை நாலைந்து நாள் கழித்து இருட்டில் ரோச் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் வன்னியில் கோழி வளர்க்கிற வீடுகளுக்குப் புதிதல்ல. கூழ்முட்டை வெறுமையாகத் தெரியும். கருக்கட்டிய முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள். அந்த "நரம்புகள்" இரத்தக்குழாய்கள். குஞ்சு வெளியே வர 21 நாள் வேண்டும். ஆனால் இந்த வலைக்கான வேலை முதல் இரண்டு நாளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அவசரம் ஏன் என்பது விளங்கக்கூடியதே. உணவு மஞ்சட்கருவில் இருக்கிறது, உண்ண வேண்டிய கலங்கள் வேறிடத்தில் வளர்கின்றன. நடுவில் பாதை வேண்டும், பாதையில் ஓட ஏதாவது வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் புளோரன்ஸ் சேபின், கோழி முளையத்தை உயிரோடு நுணுக்குக்காட்டியில் வைத்து, அதன் இரண்டாம் நாளை இரவிரவாக விழித்திருந்து பார்த்தார். 1920இல் வெளிவந்த அவருடைய விவரிப்பு இன்றும் வாசிக்கத் தகுந்தது. மஞ்சட்கருவைச் சுற்றியுள்ள படையில் கலங்கள் சிறு திட்டுகளாகக் கூடுகின்றன. திட்டின் வெளிப்புறக் கலங்கள் தட்டையாகிக் குழாயின் சுவராகின்றன. உட்புறக் கலங்கள் உருண்டு, சிவந்து, இரத்தமாகின்றன. இந்தத் திட்டுகளுக்கு இரத்தத் தீவுகள் என்று பெயர். மனித முளையத்திலும், அதோடு ஒட்டிய கருவூண்பை என்ற பையில் மூன்றாம் வாரத்தில் இவை தோன்றுகின்றன. பல தாய்மாருக்கு வயிற்றில் பிள்ளை இருப்பதே அப்போது தெரிந்திருக்காது.

இரணைமடுக் குளத்தையோ முத்தையன்கட்டுக் குளத்தையோ தெரிந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நமக்குத் தண்ணீர் ஒரு பொருள், வாய்க்கால் வேறு பொருள். முளையத்தில் ஒரே மண் பாதி வாய்க்காலாகவும் பாதி தண்ணீராகவும் பிரிகிறது.

ஒரே வேரா?

திட்டு ஒன்றாக இருப்பதால் மூலமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வகைக் கலங்கள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கலாம். இதைத் தீர்க்க மரபணு ஆய்வு வரவேண்டியிருந்தது.

மீன் தொட்டிகளில் வளர்க்கும் வரிக்குதிரை மீன் இங்கே பெரிய உதவி. அதன் முளையம் கண்ணாடி போலத் தெளிவானது. ஒரு நாள் கழிந்ததும் இரத்தம் ஓடுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். 1995இல் டிடியே ஸ்டைனியே குழுவினர் ஒரு விகார (மரபணு கெட்ட) மீனை விவரித்தார்கள். அதில் இரத்தக் கலங்களும் இல்லை, அகவணிக் கலங்களும் ஏறத்தாழ இல்லை. ஒரே ஒரு மரபணு கெட்டதில் இரண்டும் சேர்ந்து போய்விட்டன. இதயம் மணி போல ஊதியிருந்ததால், மணி என்று பொருள்படும் குளோஷ் என்ற பிரெஞ்சுப் பெயரை விகாரத்துக்கு வைத்தார்கள். ஆனால் அந்த மரபணுவைப் பிடிக்க 2016 வரை ஆனது. அது நிறமூர்த்தத்தின் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழையின்) நுனிக்கு மிக அருகில், தேடுவதற்குக் கடினமான இடத்தில் இருந்தது. அதுவும் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்துக்கான மரபணுதான். சங்கிலியின் உச்சியில் இருந்து, இ.ரி.வி.-2, எஸ்.சி.எல். போன்ற அடுத்த படி மரபணுக்களைத் திறந்துவிடுகிறது.

சுண்டெலியில் செய்த ஆய்வுகளும் அதே பக்கம் காட்டின. மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது கிடைத்தவை:

1. எஃப்.எல்.கே.-1 நீக்கப்பட்டால் இரத்தத் தீவும் இல்லை, குழாயும் இல்லை. இது கலத்தின் மேற்பரப்பில் நின்று, வி.ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிச் சைகையைப் பிடிக்கிற புரதம்.

2. வி.ஈ.ஜி.எஃப். மரபணுவுக்கு பெரும்பாலான மரபணுக்களைப் போல இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றை மட்டும் நீக்கினாலே முளையம் இறந்துவிடுகிறது. பெரும்பாலான மரபணுக்களில் ஒரு பிரதி போனாலும் மற்றது சமாளித்துவிடும். இங்கே பாதி அளவு போதவில்லை. குளத்தின் துருசைப் பாதி திறந்தால் கடைமடை வயல் காய்வது போல.

3. எஸ்.சி.எல். நீக்கப்பட்டால் குழாய் தொடங்குகிறது, இரத்தம் ஒரு துளிகூட இல்லை.

4. ரன்க்ஸ்-1 நீக்கப்பட்டால் முதல் இரத்தம் வருகிறது, அடுத்த இரத்தம் வருவதில்லை. முளையம் நடுக் கருக்காலத்தில் இறக்கிறது.

முதல் இரண்டும் இரத்தத்துக்கும் குழாய்க்கும் பொதுவான அடித்தளத்தைக் காட்டுகின்றன. மூன்றாவது, இரண்டும் பிரிகிற சந்தியைக் காட்டுகிறது. இரண்டாகவும் மாறக்கூடிய பொதுக் கலங்கள் முளையத்தில் இருக்கின்றன என்பது பின்னர் உறுதியானது. ஆனால் எல்லா இரத்தமும் எல்லாக் குழாயும் அந்தப் பொதுக் கலங்களிலிருந்தே வருவதில்லை. பல கலங்கள் முன்கூட்டியே தங்கள் பக்கத்தைத் தெரிந்துகொண்டுவிடுகின்றன. நான்காவது விளைவுதான் மிகவும் வியப்பானது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வரம்பே தண்ணீராகும் இடம்

கருவூண்பையில் வரும் முதல் இரத்தம் அவசரத் தேவைக்கானது. வாழ்நாள் முழுவதும் ஓடப்போகும் இரத்தத்தின் மூலக் கலங்கள் அங்கிருந்து வருவதில்லை என்பதைப் பிரான்சின் பிரான்சுவாஸ் டிடெர்லென்-லீவ்ர் 1975இல் காட்டினார். காடை முளையத்தின் உடலைக் கோழியின் கருவூண்பையோடு ஒட்டி வளர்த்தார். இரு பறவைகளின் கலங்களையும் நுணுக்குக்காட்டியில் வேறு பிரித்தறியலாம். நிலைத்த இரத்தம் காடையுடையதாகவே இருந்தது. அதாவது உடலுக்குள்ளேயே வேறொரு ஊற்று இருக்கிறது.

அந்த ஊற்று பெருநாடியின் அடிச்சுவர். மனிதரில் ஏறத்தாழ 27ஆம் நாளில் அங்கே சிறு கொத்துகளாகக் கலங்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவை எங்கிருந்து வந்தன என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2010இல் வரிக்குதிரை மீனிலும் சுண்டெலியிலும் நேரடியாகப் படம்பிடித்தார்கள். சுவரில் தட்டையாக ஒட்டியிருந்த அகவணிக் கலம் ஒன்று வளைகிறது, அக்கம்பக்கத்துக் கலங்களை விட்டுக் கழன்று உருள்கிறது, இரத்த மூலக் கலமாகி விலகுகிறது. வாய்க்காலின் வரம்பிலிருந்தே ஒரு பிடி மண் கழன்று தண்ணீராகி ஓடுவது போல. இந்த மாற்றத்தை அனுமதிப்பது ரன்க்ஸ்-1. அது இல்லாவிட்டால் சுவர் சுவராகவே இருந்துவிடும்.

இந்தப் பகுதியில் என்னை மிகவும் கவர்வது இன்னொரு கண்டுபிடிப்பு. மரபணுக்கள் மேலிருந்து கட்டளை போட, மற்றதெல்லாம் கீழ்ப்படிகிறது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. இதயம் துடிக்காத விகார மீனில் மூலக் கலங்கள் குறைவாகவே பிறந்தன. ஓடுகிற இரத்தம் சுவரை உராய்வதே ஒரு சைகை. உராய்வு நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகிறது, அது ரன்க்ஸ்-1இன் வேலையைத் தூண்டுகிறது. 2009இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் காட்டின. மரபணு குழாயைச் செய்தது. குழாயில் ஓடிய இரத்தம் திரும்பி வந்து மரபணுவைத் தட்டுகிறது.

பிறந்த மூலக் கலங்கள் முதலில் ஈரலுக்குப் போய்ப் பெருகுகின்றன. கருக்காலத்தின் பிற்பகுதியில்தான் என்பு மச்சை பொறுப்பேற்கிறது. ஒரு முன்னோடிக் கலம் செங்குழியப் பக்கம் போவதா வெண்குழியப் பக்கம் போவதா என்பதில் காட்டா-1, பி.யூ.-1 என்ற இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்கள் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன. காட்டா-1 ஓங்கினால் ஈமோகுளோபின் மரபணுக்கள் திறக்கும்.

மூன்று ஈமோகுளோபின், ஒரு வரிசை

இப்போது தாய் தகப்பனின் கேள்விக்கு வரலாம்.

ஈமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. இரண்டு அல்பா வகை, இரண்டு பீட்டா வகை. பீட்டா வகைக்கு ஒரு மரபணு மட்டுமல்ல, 11ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு வரிசையே இருக்கிறது. முதலில் எப்சிலன், பிறகு காமா இரண்டு, பிறகு டெல்டா, கடைசியில் பீட்டா. டி.என்.ஏ.யில் எந்த வரிசையில் நிற்கின்றனவோ ஏறத்தாழ அதே வரிசையில்தான் வாழ்க்கையில் திறக்கின்றன:

1. கருவூண்பையின் முதல் இரத்தத்தில் எப்சிலன்.

2. ஈரலில் இரத்தம் செய்யப்படும் காலத்தில் காமா. இதுதான் கருக்கால ஈமோகுளோபின். ஒட்சிசனை இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்க முடிகிறது.

3. பிறப்பை ஒட்டி காமா மூடத் தொடங்கி, பீட்டா ஏறுகிறது. பிறக்கும்போது பெரும்பகுதி கருக்கால வகை. முதல் ஆண்டுக்குள் அது வெகுவாகக் குறைந்துவிடும். வளர்ந்தவரில் சாதாரணமாக நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு.

பீட்டா தலசீமியாவில் கெட்டிருப்பது கடைசியில் நிற்கும் பீட்டா மரபணு. கருப்பையில் அதற்கு வேலை மிகக் குறைவு. காமா வேலை செய்யும் வரை பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியாது. காமா மூடி, பீட்டா பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில்தான் பொறுப்பேற்க ஆளில்லை என்பது வெளியே வருகிறது. சோடி இல்லாத அல்பா சங்கிலிகள் திரண்டு படிந்து, மச்சையில் உருவாகிக்கொண்டிருக்கும் செங்குழியத்தையே கொன்றுவிடுகின்றன. பெற்றோர் கண்டது சரி. பிள்ளை பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. தாயின் சாப்பாட்டிலோ பால் கொடுத்ததிலோ எந்தப் பிழையும் இல்லை.

அரிவாள்கல நோயிலும் இதே கதைதான். அந்த நோயுள்ள குழந்தைகள் முதல் மாதங்களில் நலமாக இருப்பதற்குக் கருக்கால ஈமோகுளோபின் காரணமாகலாம் என்று நியூயோர்க்கின் ஜெனட் வாட்சன் 1948இலேயே எழுதினார். காமா மூடாமலேயே இருக்கிற அரிய குடும்பங்களும் உண்டு. அவர்கள் வாழ்நாள் முழுவதும் கருக்கால ஈமோகுளோபினோடு நலமாக வாழ்கிறார்கள். அப்படியானால் காமாவை மூடுவது யார்?

மூடும் கை

2007, 2008இல் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வுகள், கருக்கால ஈமோகுளோபின் கூடுதலாக உள்ளவர்களில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவுக்குள் வேறுபாடு இருப்பதைக் காட்டின. அந்த ஆய்வுகளில் ஒன்று, மலேரியாவும் தலசீமியாவும் நெடுங்காலம் வாட்டிய சார்டீனியாத் தீவில் நடந்தது. 2008இல் விஜய் சங்கரன், ஸ்டுவர்ட் ஓர்கின் குழுவினர் பி.சி.எல்.11ஏ புரதமே காமாவை மூடும் கை என்று காட்டினார்கள்.

அப்படியே அந்த மரபணுவை வெட்டிவிடலாமே? முடியாது. அது மூளை வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் வேண்டும். தீர்வு 2013இல் வந்தது. பி.சி.எல்.11ஏயைச் செங்குழியப் பாதையில் மட்டும் தூண்டிவிடுகிற ஒரு சிறு டி.என்.ஏ. பகுதி அந்த மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆளியை (சுவிட்சை) மட்டும் உடைத்தால் மற்ற இடங்களில் வேலை கெடாது.

கஸ்ஜெவி செய்வது இதைத்தான். நோயாளியின் சொந்த மூலக் கலங்களை எடுத்து, டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் அந்த ஆளியை ஆய்வுகூடத்தில் வெட்டுகிறார்கள். பழைய மச்சையைக் கடும் மருந்தால் வெறுமையாக்கிவிட்டு, திருத்திய கலங்களை ஏற்றுகிறார்கள். கெட்ட பீட்டா மரபணுவை யாரும் தொடவில்லை. கருப்பையில் நன்றாக வேலை செய்த காமாவை மறுபடி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கருவும் இல்லை, தொப்புள்கொடியும் இல்லை. தலசீமியாச் சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 32 பேர் குறைந்தது ஓராண்டு இரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள்.

அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டொலர். ஒரு போக நெல்லை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு முன்னால் இந்த எண்ணை வைக்கவே மனம் கூசுகிறது. மலிவாகாத வரைக்கும் இது நம் பிள்ளைகளுக்கான தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

அதே மரபணுக்கள் தடம் மாறினால்

மேலே வந்த பெயர்களில் பல முளைய ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ரன்க்ஸ்-1, எஸ்.சி.எல்., அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் எல்.எம்.ஓ.-2 ஆகிய மூன்றும் முதலில் இரத்தப் புற்றுநோயாளிகளின் உடைந்த நிறமூர்த்தங்களில் கிடைத்தவை. இரத்தத்தைத் தொடங்குகிற மரபணு தவறான நேரத்தில் திறந்தாலோ, வேறொன்றோடு ஒட்டிக்கொண்டாலோ, இரத்தம் கட்டுக்கடங்காமல் பெருகும். ரன்க்ஸ்-1 அப்படி ஒட்டிய வகைப் பிள்ளைப்பருவ இரத்தப் புற்றுநோயில், முதல் பிழை பெரும்பாலும் கருப்பையிலேயே நடந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிழையோடு பிறக்கும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே பின்னர் நோய் வருகிறது.

மரபணுச் சிகிச்சையில் அவசரம் கூடாது என்பதற்கான பாடமும் எல்.எம்.ஓ.-2இல்தான் இருக்கிறது. நோயெதிர்ப்பே இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாரிஸில் 1999இல் தொடங்கிய சிகிச்சை பலரைக் காப்பாற்றியது. ஆனால் மருந்தாகச் செலுத்திய மரபணு சில பிள்ளைகளில் எல்.எம்.ஓ.-2க்கு அருகில் போய்ச் செருகி, அவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. கிரிஸ்பர் குறித்த இடத்தில் வெட்டுகிறது என்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

குழாய்ப் பக்கத்திலும் இதே நிலைதான். நீரிழிவு முற்றியவர்களுக்குக் கண்ணுக்குள் போடுகிற ஊசி, முளையத்தில் குழாய் வளர்த்த அதே வி.ஈ.ஜி.எஃப். சைகையை அடக்குவதற்கே. விழித்திரையில் வேண்டாத இடத்தில் குழாய்கள் முளைத்துக் கசிவதை அது தடுக்கிறது.

வன்னியில் இருந்து பார்த்தால்

மலேரியா நெடுங்காலம் இருந்த நிலங்களில் தலசீமியாக் காவிகள் கூடுதலாக இருப்பார்கள். கெட்ட பிரதி ஒன்று மட்டும் உள்ளவரான காவிக்கு அது மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது என்பதே அதற்கான விளக்கம். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் காடும் குளமுமாக இருந்த வன்னியைக் காய்ச்சல் பல தலைமுறைகள் வாட்டியது. நோய் போனாலும் மரபணு போகாது. வவுனியாவுக்குத் தெற்கே அநுராதபுரமும் அதற்கப்பால் குருநாகலும் தலசீமியா நோயாளர் கூடுதலாக உள்ள மாவட்டங்கள். மாவட்ட எல்லை மரபணுவுக்குத் தெரியாது.

காவி நோயாளி அல்ல. அவருக்கு இலேசான சோகை இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். கணக்கு இதுதான்:

1. ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்குக் கடுமையான நோய் வராது. காவியாவதற்குப் பாதி வாய்ப்பு.

2. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு நோய்க்கு. முதல் பிள்ளைக்கு வந்ததால் அடுத்ததுக்கு வராது என்றில்லை.

3. ஒருவர் பீட்டா தலசீமியாக் காவி, மற்றவர் ஈமோகுளோபின் ஈ என்ற வேறு வகையின் காவி என்றாலும் நோயுள்ள பிள்ளை பிறக்கலாம். இலங்கையில் இந்தச் சேர்க்கை அரிதல்ல.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் இருவரும் ஒரே கெட்ட பிரதியை வைத்திருக்கும் வாய்ப்புக் கூடும். சாதகம் பார்க்கிற வீட்டில் இதையும் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரிசோதனை சிக்கலானதல்ல. சாதாரண முழுக் குருதி எண்ணிக்கை அறிக்கையில் செங்குழியத்தின் சராசரிக் கனவளவு (MCV) என்று ஒரு வரி இருக்கும். அது 80க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா, காவி நிலையா என்று பிரித்தறிய வேண்டும். இரும்பு மாத்திரை எடுத்தும் அது ஏறவில்லை என்றால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கிற பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டுச் செய்விக்கலாம். கலியாணம் பேசும் காலத்திலேயே, பிந்தினால் கர்ப்பத்தின் முதல் கிளினிக்கிலாவது, இருவரும் செய்துகொள்ள வேண்டியது இது. சராசரி 80க்குக் கீழே உள்ள அறிக்கை ஏற்கெனவே வீட்டில் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு போவதே போதுமான தொடக்கம்.